வானத்தில் விழுந்த கறுப்புப் புள்ளிகள்... நிக்கான் டி600 வாங்கியவர்கள் 17 மாதங்களில் நியாயம் பெற்ற கதை!

நீல வானத்தைப் படம் எடுக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், இடது மேல் மூலையில் சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். ஏதோ பறவைக் கூட்டம் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போகிறீர்கள். அதிலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். அதற்கடுத்த படத்திலும் அப்படியே. கேமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. விலையோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

2012-ம் ஆண்டின் கடைசி மாதங்களில், நிக்கான் டி600 கேமராவை வாங்கிய பலருக்கு உலகின் பல நாடுகளில் நடந்தது இதுதான். இப்படி ஒரு குறையைப் பார்த்ததும் யாருக்கும் முதலில் வருவது கோபம் இல்லை, சந்தேகம்தான். 'நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேனோ? லென்ஸ் மாற்றும்போது தூசி உள்ளே போயிருக்குமோ? கடற்கரைக்கு எடுத்துப் போனது தப்போ?'

தங்கள் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த வாடிக்கையாளர்கள், 'குறை எங்கள் கையில் இல்லை, மாடலில்தான் இருக்கிறது' என்று நிரூபித்தார்கள். வாரன்டி முடிந்த கேமராவுக்கும் இலவசமாக ஷட்டர் மாற்றித் தரவைத்தார்கள். கடைசியில், சரிசெய்ய முடியாத கேமராவுக்கு மாற்றுக் கேமராவே வாங்கினார்கள். இது கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான கதை இல்லை. செல்போன், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் என எதை வாங்கி ஏமாந்திருந்தாலும், இதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கனவு கேமரா!

2012 செப்டம்பர் 13 அன்று டி600-ஐ அறிவித்தது ஜப்பானின் நிக்கான் நிறுவனம். 24.3 மெகாபிக்ஸல். 'ஃபுல் ஃப்ரேம்' சென்சார். அதாவது, பழைய ஃபிலிம் ரோலில் ஒரு படத்துக்கான கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்குமோ, கிட்டத்தட்ட அதே 36 மி.மீ-க்கு 24 மி.மீ அளவு. சென்சார் பெரிதாக இருந்தால், வெளிச்சம் குறைந்த இடத்திலும் படம் தெளிவாக வரும். கல்யாணம், கச்சேரி, மேடை நாடகம் என்று எடுப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

ஆனால், அந்தச் சமயத்தில் ஃபுல் ஃப்ரேம் என்றாலே பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே ஆண்டு வெளியான நிக்கான் டி800-ன் விலை அமெரிக்காவில் சுமார் 3,000 டாலர். டி600 வந்தது சுமார் 2,100 டாலருக்கு. லென்ஸ் தனி. நம் கணக்கில் அப்போதே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் என்றாலும், ஃபுல் ஃப்ரேமுக்கு அது குறைந்த விலை. அதனால்தான், வருடக்கணக்கில் சின்ன சென்சார் கேமராவை வைத்துக்கொண்டு 'எப்போதாவது ஒன்று வாங்க வேண்டும்' என்று காத்திருந்தவர்களின் கண், டி600 மேல் விழுந்தது.

விமர்சகர்களும் பாராட்டினார்கள். படத்தின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை, அந்தப் புள்ளிகளைத் தவிர!

நிழல்தான் புள்ளி

புள்ளி எப்படி வருகிறது என்பது புரிந்தால்தான், அடுத்து நடந்த சண்டை புரியும்.

இந்த வகைக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஷட்டர் என்ற மெல்லிய திரை இருக்கும். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி சட்டென்று மேலே எழும். ஷட்டர் திறந்து மூடும். கண்ணாடி மறுபடி கீழே இறங்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். டி600-ன் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்று நிக்கான் சொல்லியிருந்தது. இவ்வளவு வேகமாக, இவ்வளவு முறை இயங்கும் பாகத்துக்கு எண்ணெய்ப் பசை தேவை. அந்தப் பசை தெறித்தாலோ, பாகங்கள் உரசித் துகள் உதிர்ந்தாலோ, போய் ஒட்டும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அது சென்சாருக்கு மேலே இருக்கும் ஃபில்டர் கண்ணாடி. அங்கே ஒட்டியிருக்கும் துகளின் நிழல்தான், படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். இந்த நிழல் எல்லாப் படத்திலும் தெரியாது. அபெர்ச்சர் எனப்படும் லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து எடுத்தால், ஒளி பல கோணங்களிலிருந்து வந்து நிழலைக் கரைத்துவிடும். துளையைச் சின்னதாக்கினால் நிழல் கூர்மையாகிவிடும். டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரில் மங்கலாக விழும் விரலின் நிழல், செல்போன் டார்ச்சில் பளிச்சென்று விழுகிறதே... அதே கதைதான்.

முகத்தை மட்டும் தெளிவாகக் காட்டிப் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் படங்களுக்குத் துளையை அகலமாகத் திறப்பார்கள். அங்கே புள்ளி தெரியாது. மலை, கடல், வானம் என்று எல்லாமே தெளிவாக வர வேண்டிய படங்களுக்குத் துளையைச் சின்னதாக்குவார்கள். அங்கே புள்ளி வரிசைகட்டி நிற்கும். வெள்ளைப் பின்னணியில் நகை, பாத்திரம், துணி என்று விளம்பரப் படம் எடுப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். ஒவ்வொரு படத்திலும் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். நூறு படம் என்றால் ஒரு நாள் வேலை போச்சு.

அதனால், ஒரே மாடலை வைத்திருப்பவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. 'என் கேமரா நன்றாகத்தானே இருக்கிறது, நீங்கள் சும்மா புகார் சொல்கிறீர்கள்' என்ற கட்சி ஒரு பக்கம். 'உங்கள் கேமராவிலும் இருக்கிறது, நீங்கள் எடுக்கும் படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்' என்ற கட்சி இன்னொரு பக்கம். இதுபோன்ற குறைகளில் கம்பெனிக்கு முதலில் கிடைக்கும் நிம்மதியே இந்தக் குழப்பம்தான்.

சாட்சி சொன்ன வெற்று வானம்

லென்ஸ் மாற்றக்கூடிய எந்தக் கேமராவிலும் கொஞ்சம் தூசி போகத்தான் செய்யும். அது குறை இல்லை. அதைத் தட்டிவிடுவதற்காகவே, ஃபில்டரை அதிரவைத்துச் சுத்தம் செய்யும் வசதி டி600-லும் உண்டு. எனவே, 'தூசி இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். 'இந்தத் தூசி வெளியிலிருந்து வரவில்லை, கேமராவுக்குள்ளேயே உற்பத்தியாகிறது' என்று காட்ட வேண்டும்.

அதற்கு வாடிக்கையாளர்கள் பயன்படுத்திய சோதனை, பள்ளிப் பிள்ளைகூடச் செய்யக்கூடியது. லென்ஸின் துளையை எஃப்16 அல்லது எஃப்22 என்று சின்னதாக்கி, மேகம் இல்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுப்பது. சுவரின் அழுக்கு மங்கிவிடும், சென்சார் மேல் இருக்கும் அழுக்கு மட்டும் தெரியும். கேமராவைச் சுத்தம் செய்தவுடன் ஒரு படம், சில நூறு படங்கள் எடுத்த பிறகு இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இப்படி எடுத்த படங்களைப் பலரும் வெளியிட்டார்கள். ஒருவர் ஆயிரம் படங்கள் எடுத்து, புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போவதை வீடியோவாகவே தொகுத்துக் காட்டினார். அந்த ஆதாரங்களில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, புள்ளிகள் பெரும்பாலும் படத்தின் இடது மேல் பகுதியில்தான் கூடின. வெளித் தூசி என்றால் எல்லா இடத்திலும் பரவலாக அல்லவா விழ வேண்டும்? இரண்டு, லென்ஸைக் கழற்றாதவர்களும் இதே புகாரைச் சொன்னார்கள். மூன்று, சுத்தம் செய்த பிறகும் திரும்ப வந்தது.

2012 அக்டோபரில் இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் 'லென்ஸ்ரென்டல்ஸ்', கேமராக்களை வாடகைக்கு விடும் நிறுவனம். வாடகைக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு கேமராவையும் சோதித்துச் சுத்தம் செய்வது அவர்களின் அன்றாட வேலை. அதன் நிறுவனர் ரோஜர் சிக்காலா, மற்ற மாடல்களைவிட டி600 கேமராக்களில் இந்த அழுக்கு அதிகமாக இருப்பதையும், அது படத்தின் இடது மேல் பகுதியில் குவிவதையும் எழுதினார்.

ஒரு வாடிக்கையாளர் தன் ஒரு கேமராவைப் பற்றிப் பேசுவது வேறு. தினமும் பல மாடல்களைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் பேசுவது வேறு. 'என் கேமராவில் குறை' என்ற புகார், 'இந்த மாடலில் குறை' என்ற புகாராக மாறிய இடம் இதுதான்.

முதல் பதில்: ஊதிப் பாருங்கள்!

நிக்கானிடமிருந்து அதிகாரபூர்வமான பதில் வந்தது 2013 பிப்ரவரி 22-ம் தேதி. கேமரா அறிவிக்கப்பட்டு ஐந்து மாதங்கள் கழித்து!

டி600 படங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிவதாகச் சில வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள் என்பதை அந்த அறிவிப்பு ஒப்புக்கொண்டது. கேமரா இயங்கும்போது உள்ளே உண்டாகும் தூசியோ, வெளியிலிருந்து வரும் தூசியோ இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. கையேட்டில் இருப்பதுபோல ரப்பர் பம்ப் வைத்து ஊதிச் சுத்தம் செய்யுங்கள், அப்படியும் போகவில்லை என்றால் சர்வீஸ் சென்டரை அணுகுங்கள் என்பதுதான் அது சொன்ன வழி.

'உள்ளே உண்டாகும் தூசி' என்ற அந்தச் சொல் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. ஆனால், தீர்வு கிடைக்கவில்லை. காய்ந்த தூசி என்றால் ஊதினால் பறக்கும். எண்ணெய்ப் பசையோடு ஒட்டியது ஊதினால் போகாது. திரவம் தொட்ட பஞ்சுப் பட்டையால் துடைத்து எடுக்க வேண்டும். கை தவறினால் ஃபில்டரில் கீறல் விழுந்து, செலவு நம் தலையில். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால், கேமரா இல்லாமல் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்த கேமராவில் சில வாரங்களில் மறுபடி புள்ளிகள். வாரக்கடைசியில் கல்யாண ஆர்டர் வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், வாரன்டி நாள்கள் கரைந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் நிக்கான் கேமராவுக்கு வாரன்டி ஒரு வருடம். 2012 செப்டம்பரில் வரிசையில் நின்று வாங்கியவர்களுக்கு 2013 செப்டம்பரில் அது முடிந்துபோனது.

ஒரே வருடத்தில் புது மாடல்

அடுத்த மாதமே, 2013 அக்டோபரில், டி610 என்ற புது மாடலை அறிவித்தது நிக்கான். அதே 24.3 மெகாபிக்ஸல். வெளித் தோற்றத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. நொடிக்கு 5.5 படங்கள் என்பது 6 ஆனது. சத்தம் குறைவாக எடுக்கும் வசதி சேர்ந்தது. முக்கியமான மாற்றம், ஷட்டர் புதிது!

இந்த வகைக் கேமராக்களில் ஒரு மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் இடையில் பொதுவாகச் சில வருடங்கள் ஆகும். ஒரே வருடத்தில், ஷட்டரை மாற்றி ஒரு மாடல் வந்தால் என்ன நினைப்பார்கள்? டி600 வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். 'குறையைப் புது மாடலில் சரிசெய்துவிட்டு, பழைய மாடலை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்' என்பதுதான் அவர்களின் குமுறல். விற்றுவிட்டு மாற்றலாம் என்றால், பெயர் கெட்டுப்போன மாடலுக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் என்ன விலை கிடைக்கும்?

குறை உள்ள மாடலை வாங்கியவருக்கு ஏற்படும் நஷ்டம் இப்படித்தான் இரட்டிப்பாகிறது. பயன்படுத்தவும் முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

பணிந்தது எப்போது?

2014-ம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சட்ட நிறுவனம், டி600 வைத்திருப்பவர்கள் சார்பாகக் கூட்டு வழக்குக்கான வேலையில் இறங்கியது. தனித்தனியாக வழக்குப் போட்டால் வக்கீல் செலவே கேமரா விலையைத் தாண்டிவிடும். ஒரே குறையால் பாதிக்கப்பட்டவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே வழக்கு என்றால் கணக்கு மாறிவிடும். கம்பெனிகள் அஞ்சுவது இதற்குத்தான்.

2014 பிப்ரவரி 26. நிக்கானின் இரண்டாவது அறிவிப்பு வந்தது. இந்த முறை 'ஊதிப் பாருங்கள்' இல்லை. டி600 கேமராவைச் சோதித்து, சுத்தம் செய்து, ஷட்டரையும் அதோடு தொடர்புடைய பாகங்களையும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றது. கேமராவை அனுப்பும் செலவும் நிறுவனத்துடையதே. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, 'வாரன்டி முடிந்திருந்தாலும்' என்பதுதான்.

கேமரா அறிவிக்கப்பட்டதிலிருந்து கணக்குப் போட்டால், 17 மாதங்கள்!

கதை அங்கேயும் முடியவில்லை. மார்ச் 15, உலக நுகர்வோர் உரிமைகள் தினம். சீனாவில் ஒவ்வொரு வருடமும் அன்றைய இரவு, அரசின் சீன மத்தியத் தொலைக்காட்சி ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பும். 1991 முதல் நடக்கும் அந்த நிகழ்ச்சியில் எந்த கம்பெனியின் பெயர் வரப்போகிறதோ என்று பெரிய பெரிய நிறுவனங்களே கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும். 2014-ல் அதில் சிக்கியது டி600. பலமுறை சர்வீஸ் செய்தும் புள்ளி போகாத வாடிக்கையாளர்களின் புகார்களை அது காட்டியது. சர்வீஸ் சென்டர் ஊழியர்கள் சீன நகரங்களின் புகைமூட்டத்தைக் காரணம் காட்டியதும் ஒளிபரப்பானது.

அடுத்த நாளே ஷாங்காய் நகர வணிக நிர்வாகத் துறை, டி600 விற்பனையை நிறுத்தச் சொன்னது. நிக்கானின் சீனக் கிளை மன்னிப்புக் கேட்டது. அதே மார்ச் மாதக் கடைசியில், பலமுறை சர்வீஸ் செய்தும் புள்ளி தொடர்ந்தால், அந்த மாடலையோ அதற்கு இணையான மாடலையோ மாற்றித் தருவதாக நிக்கான் அறிவித்தது. பழுதான டி600-ஐக் கொடுத்துவிட்டு டி610-ஐ வாங்கிக்கொண்டு போனார்கள் பலர்.

ஊதிப் பாருங்கள், சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள், ஷட்டரை மாற்றித் தருகிறோம், கேமராவையே மாற்றித் தருகிறோம். நிறுவனம் இறங்கிவந்த படிக்கட்டு இதுதான். ஒவ்வொரு படிக்கும் முன்னால் வாடிக்கையாளர் தரப்பில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. முதல் படிக்கு முன் படங்களும் ஒப்பீடுகளும். அடுத்து வழக்குக்கான ஏற்பாடு. அதற்கடுத்து அரசின் கண்டிப்பு.

அடுத்த முறை தாமதம் இல்லை

டி600 தந்த சூடு, நிக்கானுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். 2014 செப்டம்பரில் வந்த டி750 மாடலில், வெளிச்சத்துக்கு எதிராகப் படம் எடுத்தால் மேலே விநோதமான ஒளிப்பட்டை விழுகிறது என்று புகார் கிளம்பியது. டிசம்பர் மாதக் கடைசியிலேயே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. சீரியல் நம்பரைக் கொடுத்து, நம் கேமரா பாதிக்கப்பட்டதா என்று நாமே பார்த்துக்கொள்ளும் வசதியையும் செய்தது. சரிசெய்த கேமராவுக்கு அடையாளம், டிரைபாடு மாட்டும் திருகுத் துளைக்குள் வைக்கப்பட்ட ஒரு கறுப்புப் புள்ளி. டி600-ல் நோயாக இருந்த கறுப்புப் புள்ளி, டி750-ல் குணமானதற்கு அடையாளமாகிவிட்டது!

இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை. 2005 அக்டோபரில் இதைவிடப் பெரிய விஷயம் வெடித்தது. சோனி தயாரித்த சி.சி.டி சென்சார்களில் சில, வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான சூழலில் உள்ளிணைப்பு விட்டுப்போய்ச் செயலிழந்தன. படம் கறுப்பாகத் தெரியும், அல்லது கோணல்மாணலாகத் தெரியும். சோனியின் சென்சாரை மற்ற நிறுவனங்களும் வாங்கிப் பயன்படுத்தியிருந்ததால், சோனி, கேனான், ஃபுஜிஃபிலிம், கோனிகா மினோல்டா, நிக்கான் என்று பல நிறுவனங்களும் அடுத்தடுத்து இலவச ரிப்பேரை அறிவித்தன. வாரன்டி முடிந்த கேமராக்களுக்கும்தான்.

ஆனால், இதுபோன்ற அறிவிப்புகள் நம் வீட்டுக் கதவைத் தட்டி வருவதில்லை. கம்பெனியின் வலைதளத்தில் ஒரு மூலையில் கிடக்கும். 'கேமரா பழுதாகிவிட்டது' என்று பீரோவில் போட்டவர்களிலும், காயலான் கடைக்குப் போட்டவர்களிலும், இலவச ரிப்பேருக்கு உரிமை இருந்தவர்கள் இருந்திருப்பார்கள். எந்தப் பொருள் பழுதானாலும், மாடல் பெயரையும் 'சர்வீஸ் அறிவிப்பு' என்பதையும் சேர்த்து ஒருமுறை தேடிப் பாருங்கள். பிறகு தூக்கிப்போடலாம்.

நம் ஊரில் என்ன வழி?

இதே நிலைமை இங்கே உங்களுக்கு வந்தால்? 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்குத் துணை நிற்கிறது. பொருளில் குறை இருப்பது உறுதியானால், அதைச் சரிசெய்யவும், புதிதாக மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம்.

பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 'அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று சர்வீஸ் சென்டர் இழுத்தடிக்கும்போது, இந்தக் கெடுவும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆணையத்துக்குப் போவதற்கு முன்பு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

போட்டோகிராஃபர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். வியாபாரத்துக்காக வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சொல்லிச் சிலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால், சுயதொழில் செய்து, அதில் வரும் வருமானத்தில்தான் பிழைப்பு நடத்துகிறார் என்றால், அந்தத் தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு அவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. ஒற்றைக் கேமராவோடு கல்யாணம், காதுகுத்து என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டி600 வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்ததுபோல, ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரோ சிலரோ சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகவும் கொடுக்கலாம். அதற்கும் இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

டி600 கதையில் ஜெயித்தது கோபம் இல்லை, ஆதாரம்தான். எந்தப் பொருளுக்கும் இதைச் சேர்த்து வைக்கலாம்.

* பில், சீரியல் நம்பர், வாரன்டி அட்டை. 'பில் வேண்டாம் என்றால் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன்' என்று கடைக்காரர் சொல்லும்போது, நாம் விற்பது வாரன்டியை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

* குறை தெரிந்த முதல் நாளே ஒரு படமோ வீடியோவோ எடுத்துவிடுங்கள். கேமராவாக இருந்தால், எடுத்த ஃபைலை அப்படியே வைத்திருங்கள். எடுத்த தேதியும் கேமராவின் விவரங்களும் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் அழிந்துபோகும்.

* சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று படியுங்கள். 'ஜெனரல் சர்வீஸ்' என்று எழுதினால் விடாதீர்கள். 'படத்தில் புள்ளி விழுகிறது, இது இரண்டாவது முறை' என்று குறையைச் சொல்லி எழுதவையுங்கள். எத்தனை முறை சர்வீஸ் செய்தும் சரியாகவில்லை என்பதற்கு அதுதான் கணக்கு.

* திரும்ப வாங்கும்போது அங்கேயே சோதித்துப் பாருங்கள். கேமரா என்றால் ஒரு வெள்ளைச் சுவர் போதும்.

* போனில் பேசியதையெல்லாம் ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவிடுங்கள். 'இன்று உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார்' என்று இரண்டு வரி போதும்.

* உங்கள் மாடலை வைத்திருக்கும் மற்றவர்களிடம் விசாரியுங்கள். ஒருவருக்கு நடந்தால் அது பழுது. அதே இடத்தில், அதே மாதிரி பலருக்கும் நடந்தால், அது தயாரிப்புக் குறை.

இன்னொன்றும் உண்டு. ஆதாரம் நியாயமாக இருக்க வேண்டும். கீழே போட்டு உடைத்ததையோ, தண்ணீரில் நனைத்ததையோ மறைத்துப் புகார் செய்தால், உண்மையான புகார்களின் மேலும் சந்தேகம் விழும். டி600 வாடிக்கையாளர்களின் சோதனை நிலைத்து நின்றதற்குக் காரணம், சந்தேகப்பட்ட யாரும் அதைத் தங்கள் கேமராவிலேயே செய்து பார்க்க முடிந்ததுதான்.

இன்று டி600-ஐ யாரும் புதிதாக வாங்குவதில்லை. ஷட்டர் மாற்றப்பட்ட பழைய டி600-கள் இன்னமும் நல்ல படங்களை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இலவச ஷட்டர், 'நம் மேல்தான் தப்போ' என்று நினைத்து ஒதுங்கிவிடாமல், ஒரு வெற்று வானத்தைப் படம் எடுத்து வைத்தவர்களால் கிடைத்தது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கடைசியாக நீங்கள் வாங்கிய பெரிய பொருளின் பில்லைத் தேடி எடுத்து, போனில் ஒரு படம் பிடித்து வையுங்கள். கடைகளில் இப்போது தரும் பில்லின் எழுத்து, பல நேரங்களில் வாரன்டி முடிவதற்கு முன்பே மங்கிப்போய்விடுகிறது!